ஏற்றத்தில் திணறும் பேட்டரி கார்: ஆறில் எது பழுது என்று எந்தச் சோதனை சொல்லும்?

காலை எட்டு மணிக்குச் சார்ஜரைக் கழற்றும்போது மீட்டர் 52 வோல்ட் காட்டுகிறது. பதினோரு மணிக்கு நூலகத்துக்குப் போகும் ஏற்றத்தில், ஆறு பேரை ஏற்றிய வண்டி பாதியில் மூச்சு வாங்குகிறது. "ஆறு பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்" என்கிறார் விற்பனையாளர். "இரண்டுதான் போயிருக்கிறது, மற்றவை இன்னும் இரண்டு வருஷம் ஓடும்" என்கிறார் வளாகத்துக்கு வந்துபோகும் மெக்கானிக். கல்லூரியொன்றில் நான்கு பேட்டரி கார்களைப் பார்த்துக்கொள்ளும் வாசகர் இதை எழுதி, யார் சொல்வதை நம்புவது என்று கேட்டிருக்கிறார். இதே கேள்வி வேறு உருவங்களிலும் வருகிறது. ஹைட்ரோமீட்டர் போதுமா? லோடு டெஸ்டர் வாங்கலாமா? டிஸ்சார்ஜ் மெஷின் வைத்திருப்பவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?

கோல்ஃப் மைதானத்துக்காக உருவான வண்டி இது. நம் ஊரில் கோல்ஃப் ஆடுபவர்களைவிட, ரயில் நிலைய நடைமேடையில் முதியவர்களும் வண்டலூர் உயிரியல் பூங்காவில் குழந்தைகளும்தான் இதில் அதிகம் ஏறுகிறார்கள். பெயர் பேட்டரி கார் என்று ஆகிவிட்டது. இருக்கைக்கு அடியில் இருப்பது மட்டும் மாறவில்லை: 8 வோல்ட் பேட்டரி ஆறு, அல்லது 6 வோல்ட் எட்டு, அல்லது 12 வோல்ட் நான்கு. எப்படிக் கூட்டினாலும் 48 வோல்ட், 24 செல் (செல் என்பது பேட்டரிக்குள் இருக்கும் 2 வோல்ட் அறை). எல்லாம் ஒரே வரிசையில் கோத்தவை என்பதால், ஒன்று தளர்ந்தால் மற்ற ஐந்தும் அதன் நடைக்குத்தான் நடந்தாக வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எந்தப் பேட்டரி கெட்டது?" என்பது ஒரு கேள்வி. "இந்த செட் இன்னும் எவ்வளவு தூரம் ஓடும்?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. இரண்டாவதற்குக் குறுக்கு வழி இல்லை. பெரும்பாலான தவறான முடிவுகள், முதல் கேள்விக்கான கருவியை வைத்து இரண்டாவதற்குப் பதில் சொல்வதால் வருகின்றன.

## எதை வைத்து எடை போடுவது

கருவியின் விலையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். ஆறு பேட்டரி கொண்ட செட்டை மாற்றுவது பெரிய செலவு. அதற்கு முன்னால் எந்த மீட்டரின் விலையும் சில்லறைதான். நான் பார்ப்பவை இவை:

- சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது: தனிப் பேட்டரியைக் காட்டிக்கொடுக்கிறதா, மொத்தக் கொள்ளளவைச் சொல்கிறதா?
- வண்டி எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும்?
- கற்றுக்கொண்ட ஒரே மாதத்தில் நம் ஆள் தனியாகச் செய்ய முடியுமா?
- ஆசிட், ஹைட்ரஜன், தீப்பொறி மூன்றும் எவ்வளவு நெருங்கி வருகின்றன?
- வாரண்டி கேட்கப் போனால் அந்த எண்ணை விற்பனையாளர் ஏற்பாரா?

ஆசிட் ஊற்றிய, மூடி திறக்கக்கூடிய சாதாரண லெட்-ஆசிட் பேட்டரிகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். சீல் செய்தவையும் லித்தியமும் பின்னால் வருகின்றன.

## சோதனைக்கு முந்தைய நாள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு எண்கள் பொய் சொல்கின்றன என்று புலம்புகிறார்கள். சார்ஜர் தானாக நிற்கும்வரை முழு சார்ஜ் போட வேண்டும். கழற்றியபின் குறைந்தது ஆறு மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள், வண்டியைத் தொடாமல் விட வேண்டும். சார்ஜ் முடிந்த கையோடு அளந்தால் தட்டுகளின் மேற்பரப்பில் நிற்கும் மின்னூட்டத்தைத்தான் அளக்கிறோம். வாசகர் சொன்ன 52 வோல்ட் அதுதான்.

டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டுமென்றால், சோதனைக்கான சார்ஜுக்கு முந்தைய சார்ஜ் முடிந்தபின் ஊற்றிவிடுங்கள்; அடுத்த சார்ஜில்தான் அது ஆசிட்டோடு கலக்கும். தட்டு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும் சார்ஜுக்கு முன்பே தட்டு மூழ்கும் வரை. சோதனைக்குச் சற்று முன்பு ஊற்றவே கூடாது. தண்ணீர் மேலே மிதந்து நிற்கும், ஹைட்ரோமீட்டர் அந்தத் தண்ணீரை உறிஞ்சிப் பேட்டரி செத்துவிட்டது என்று சொல்லும். குடிநீர்க் கேனில் வரும் தண்ணீர் இதற்கு ஆகாது.

டெர்மினல்களையும் பார்த்துவிடுங்கள். பச்சை பூத்த ஒரு இணைப்பில் 100 ஆம்பியர் ஓடும்போது 0.2 வோல்ட் இழந்தாலே அந்த இடத்தில் 20 வாட் வெப்பம். இருக்கையைத் தூக்கிய உடனே கையால் தொட்டுப் பார்க்காமல், அதற்குரிய இடத்தில் மீட்டரை வையுங்கள்: ஒரு பேட்டரியின் முனையிலிருந்து கேபிள் நுனியில் உள்ள உலோக லக் வரை; மின்னோட்டம் ஓடும்போதுதான் இந்த இழப்பு தெரியும், நின்ற வண்டியில் தெரியாது. பேட்டரி மேல் பழி போடப்பட்டு, உண்மையில் குற்றவாளி ஒரு நட்டு என்று முடிந்த கதைகள் நிறைய.

## மல்டிமீட்டர்: ஓய்வு நிலை வோல்டேஜ்

எல்லோரிடமும் இருப்பது. ஓய்வெடுத்த பேட்டரியின் வோல்டேஜ், அதில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதை ஓரளவு சரியாகவே சொல்லும். இந்த வண்டிகளில் பரவலாகப் பார்க்கும் ட்ரோஜன் பேட்டரிகளுக்கான அட்டவணைப்படி முழு சார்ஜில் 8 வோல்ட் பேட்டரி 8.49 காட்ட வேண்டும். பாதி சார்ஜில் 8.07. மொத்த செட்டுக்கு முழு சார்ஜில் 50.93. முழுமைக்கும் பாதிக்கும் நடுவே ஒரு பேட்டரிக்கு அரை வோல்ட்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். மீட்டர் மலிவாக இருந்து 0.1 வோல்ட் பிசகினாலே கணக்கு எங்கோ போய்விடும்.

ஆனால் பெரிய சிக்கல் மீட்டரில் இல்லை. பல ஆண்டுகள் தூர் வாராத ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மழையிலேயே கரை தொட்டு நிற்கும். மதகுக் கல்லில் நீர்மட்டம் முழு அளவு காட்டும். பத்து நாள் பாசனத்தில் தரை தெரியும். வோல்டேஜ் என்பது அந்த நீர்மட்டம். வண்டல் எவ்வளவு என்பதை அது சொல்லாது. தட்டில் சல்பேட் படிந்த பேட்டரியும், தட்டிலிருந்து பொருள் உதிர்ந்து அடியில் சேர்ந்த பேட்டரியும் சார்ஜுக்குப்பின் நல்ல வோல்டேஜ் காட்டும்.

இதில் நானும் ஏமாந்திருக்கிறேன். நான் வேலை பார்த்த வளாகத்தில் ஒரு செட்டை மீட்டரால் மட்டும் அளந்து, "எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன, ஆகவே எல்லாமே வயதாகிவிட்டன" என்று முடிவு கட்டி, ஆறையும் மாற்ற எழுதிக் கொடுத்தேன். பழையவற்றை எடுத்துப்போன கடைக்காரர் லோடு போட்டுப் பார்த்துவிட்டு, நான்கைச் சுத்தம் செய்து வேறு யாருக்கோ விற்றுவிட்டார். அவர் மேல் தவறில்லை. பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தவன் நான்.

மல்டிமீட்டர் எப்போது போதும்? ஒரு பேட்டரி மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைவாக நின்றால். 8 வோல்ட் பேட்டரியில் ஒன்று ஏறத்தாழ 2 வோல்ட் குறைந்து ஆறரைக்குப் பக்கத்தில் நின்றால், அதில் ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டது. அதற்கு மேல் எந்தச் சோதனையும் தேவையில்லை.

## ஹைட்ரோமீட்டர்: கிராவிட்டி பார்ப்பது

சில நூறு ரூபாய்க் கருவி. செல்லிலிருந்து ஆசிட்டை உறிஞ்சி, அது தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்று காட்டும்; அந்த எண்தான் கிராவிட்டி, சார்ஜ் ஏற ஏற அதுவும் ஏறும். பழைய பேட்டரி மெக்கானிக்குகள் இன்னமும் இதைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. மீட்டர் பேட்டரியின் நான்கு செல்களையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்கிறது. கிராவிட்டி ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் காட்டுகிறது. 24 செல்லையும் பார்க்க முக்கால் மணி நேரம் ஆகும்.

நான் பார்ப்பது தனி எண்ணை இல்லை, வித்தியாசத்தை. ஒரே பேட்டரிக்குள் செல்லுக்குச் செல் 0.030க்கு மேல் வேறுபட்டால் ஈக்வலைஸ் சார்ஜ் (செல்களைச் சமப்படுத்த வேண்டுமென்றே கூடுதலாக ஏற்றும் சார்ஜ்) போட்டுப் பார்க்கலாம். அதன்பிறகும் ஒரு செல் மற்றவற்றைவிட 0.050 தாழ்ந்தே நின்றால் அந்தப் பேட்டரியைப் பற்றி நம்பிக்கை வைக்க வேண்டாம்.

இரண்டு இடங்களில் நம்மவர்கள் தவறுகிறார்கள். முதலாவது வெப்பம். அளவுகள் 27 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. ஒவ்வொரு 5.6 டிகிரி கூடுதலுக்கும் 0.004 சேர்க்க வேண்டும். மே மாதத் தகரக் கொட்டகையில் ஆசிட் 38 டிகிரியில் இருந்தால், 1.260 என்று தெரிவது உண்மையில் 1.268. இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க அட்டவணையில் முழு சார்ஜுக்கு 1.277 என்று இருக்கும். வெப்ப நாடுகளுக்காகச் செய்யப்படும் பல பேட்டரிகளில் கிராவிட்டியைக் குறைத்தே நிரப்புகிறார்கள். நம் வீட்டு இன்வெர்ட்டர் டியூபுலர் பேட்டரிகளில் 1.240 என்பது சாதாரணம். லேபிளைப் படிக்காமல் 1.277ஐத் தேடினால், நல்ல பேட்டரி முக்கால்வாசிதான் சார்ஜ் ஏறுகிறது என்று தோன்றும். அப்புறம் ஓவர் சார்ஜ் போட்டு நாமே அதைக் கெடுப்போம்.

மறைந்திருக்கும் செலவு: சட்டை, பேன்ட், கண். ஆசிட் ஒரு சொட்டு போதும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் மூடியைத் திறக்க வேண்டாம். சிந்தினால் சமையல் சோடாக் கரைசல் பக்கத்தில் இருக்கட்டும்.

ஆனால் கிராவிட்டியும் நீர்மட்டத்தை அளக்கும் இன்னொரு கல்தான். செல்கள் எல்லாமே ஒரே அளவில் தேய்ந்திருந்தால், எல்லாமே நல்ல எண் காட்டும்.

## கையடக்க லோடு டெஸ்டர்

இரண்டு கிளிப், ஒரு முள் மீட்டர், உள்ளே சூடாகிச் சிவக்கும் சுருள். பொத்தானை அழுத்தினால் சுமார் 100 ஆம்பியர் இழுக்கும். "லோடு டெஸ்ட்" என்றதும் பலர் மனத்தில் வருவது இதுதான். வாங்கவும் தூண்டும், ஏனென்றால் பதினைந்து விநாடியில் பச்சையா சிவப்பா என்று சொல்லிவிடுகிறது.

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இந்தக் கருவி கார், லாரி ஸ்டார்ட்டிங் பேட்டரிக்காக உருவானது. அதன் விதி: குளிர்நிலைத் தொடக்க ஆம்பியரில் (கடுங்குளிரில் இன்ஜினைக் கிளப்பப் பேட்டரி தரக்கூடிய மின்னோட்டம்) பாதியை 15 விநாடி இழுக்கும்போது 12 வோல்ட் பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. ஸ்டார்ட்டிங் பேட்டரியின் வேலை சில விநாடி அசுர பலம் காட்டுவது; அதற்காக மெல்லிய தட்டுகள் நிறைய. பேட்டரி காரின் பேட்டரி தடித்த தட்டுகளோடு மணிக்கணக்கில் உழைப்பது. பெரும்பாலும் லேபிளில் குளிர்நிலை ஆம்பியரே இருக்காது. எதில் பாதி எடுப்பது? ஓட்டப்பந்தய வீரனுக்கு வைத்த தேர்வை மூட்டை தூக்குபவருக்கு வைப்பது போல இது. பாதிக் கொள்ளளவை இழந்துவிட்ட பேட்டரிகூட 15 விநாடியைத் தாண்டிவிடும், பச்சையில் முள் நிற்கும், நாம் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவோம்.

இன்னொன்று, பல டெஸ்டர்களில் 6, 12 என்று இரண்டு அளவுதான். 8 வோல்ட் பேட்டரிக்கு வண்ணப் பட்டையை நம்ப முடியாது. வோல்ட் எண்ணைத்தான் படிக்க வேண்டும்.

அப்படியானால் பயனில்லையா? பயன் உண்டு, வேறு விதத்தில். ஆறு பேட்டரிக்கும் அதே டெஸ்டரை, அதே 10 விநாடி, அதே வரிசையில் வைத்து, பத்தாவது விநாடி வோல்டேஜை எழுதுங்கள். பச்சை சிவப்பை மறந்துவிட்டு, அண்ணன் தம்பிகளுக்குள் யார் பின்தங்குகிறார் என்று மட்டும் பாருங்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே சுருள் ஆற ஐந்து நிமிடம் விட வேண்டும்.

ஆபத்து உள்ள கருவியும் இதுதான். சார்ஜ் முடியும் தறுவாயில் பேட்டரி ஹைட்ரஜன் விடுகிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். கிளிப்பை முதலில் இறுக மாட்டிவிட்டு, பிறகு பொத்தானை அழுத்துங்கள். எடுக்கும்போது முதலில் பொத்தானை விடுங்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது, மூடிய கொட்டகையில், வேண்டவே வேண்டாம். முழு 48 வோல்ட்டுக்கும் குறுக்கே இந்தக் கருவியை மாட்டினால் கருவி போய்விடும். உங்கள் புருவமும் போகலாம்.

## கண்டக்டன்ஸ் டெஸ்டர்

சிறு சமிக்ஞையை அனுப்பி உள்தடையைக் கணக்கிடும் டிஜிட்டல் கருவி. ரசீது அச்சிடும். சூடு இல்லை, தீப்பொறி இல்லை, இரண்டு நிமிடம். கார் பேட்டரிக் கடைகளில் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். நம் வண்டியில் உள்ளது போல மணிக்கணக்கில் உழைக்கும் டீப் சைக்கிள் பேட்டரிக்கு அது சொல்லும் சதவீதத்தை நான் எடுத்துக்கொள்வதில்லை. புதிய செட் வந்த அன்றே ஆறையும் அளந்து எழுதிவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டால் மட்டும் இதற்கு மதிப்புண்டு. பாதி ஆயுளில் வந்து முதல்முறையாக அளப்பவருக்கு இது அலங்காரம்.

## ஓட்டிப் பார்த்து அளப்பது

என் ஓட்டு இதற்கு. வண்டியே லோடு. ஏற்றத்தில் ஆறு பேரோடு கண்ட்ரோலர் (மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் பெட்டி) இழுக்கும் ஆம்பியரை எந்தக் கையடக்க டெஸ்டரும் இழுக்காது, அதுவும் நம் வண்டிக்கு உள்ள அதே முறையில்.

செய்வது எளிது, ஒழுங்காகச் செய்வதற்குக் கொஞ்சம் ஏற்பாடு வேண்டும். இருக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடும் வண்டியில் மீட்டர் முனையைப் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு பேட்டரியின் இரு முனையிலிருந்தும் மெல்லிய வயரை முன்பக்கம் இழுத்து, பேட்டரி முனையிலேயே சிறு ஃபியூஸ் வைத்து, மலிவான டிஜிட்டல் வோல்ட் மீட்டர் ஆறை ஒரு பலகையில் வரிசையாக ஒட்டிவிடுங்கள். 1 முதல் 6 வரை பேட்டரி மேலும் பலகை மேலும் ஒரே எண். ஒருவர் ஓட்ட, மற்றவர் பலகையைக் கைபேசியில் வீடியோ எடுத்தால் போதும். மின்னோட்டமும் வேண்டுமென்றால் கிளாம்ப் மீட்டர், டி.சி. அளப்பதா என்று பார்த்து வாங்குங்கள், ஏ.சி. மட்டும் அளக்கும் கிளாம்ப்பை வாங்கிவிட்டு "ஆம்பியரே ஓடவில்லை" என்று அதிர்ந்தவர்கள் உண்டு.

இரண்டு சுற்று ஓட்ட வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். முழு சார்ஜில் ஏற்றத்தில் ஒருமுறை. வழக்கமான நாளின் பாதி ஓட்டத்துக்குப்பின் அதே ஏற்றத்தில், அதே ஆட்களோடு இன்னொருமுறை. முதல் சுற்றில் எல்லாம் ஒற்றுமையாக இறங்கி ஏறும். இரண்டாவதில் முகமூடி கழன்றுவிடும். எடுத்துக்காட்டாக, ஐந்து பேட்டரி 7.7 வோல்ட்டில் நிற்க, நான்காவது மட்டும் 6.9க்கு விழுந்து, ஏற்றம் முடிந்ததும் மெதுவாக எழுந்தால், வேறு சாட்சி வேண்டாம். அரை வோல்ட் அளவுக்கு ஒன்று மட்டும் தனியாக விழுவதே எனக்குப் போதிய எச்சரிக்கை. ஆறும் சேர்ந்தே விழுந்தால்? அப்போதுதான் விற்பனையாளர் சொன்னது உண்மையாக இருக்க வாய்ப்பு.

குறைகள் உண்டு. ஏற்றம் இல்லாத வளாகத்தில் இது அவ்வளவு பேசாது. முழு ஆட்களை ஏற்றி நீளமாக ஓட்ட வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்து லோடு உண்டாக்கும் குறுக்கு வழியைச் சிலர் சொல்லித் தருகிறார்கள். மோட்டாரும் கண்ட்ரோலரும் சூடேறும், வண்டி பாயலாம். வாரண்டி மேஜையில் உங்கள் வீடியோவுக்கு மரியாதை கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. சோதனை முடிந்ததும் மீட்டர் பலகையைக் கழற்றிவிடுங்கள். சின்ன மீட்டர்தான் என்றாலும் இரவு பகலாகப் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

## முழு டிஸ்சார்ஜ் சோதனை

ஏரியின் ஆழத்தை அறிய ஒரே வழி, மதகைத் திறந்து எத்தனை நாள் பாய்கிறது என்று எண்ணுவது. இதுவும் அப்படித்தான். நிலையான ஆம்பியரை இழுத்துக்கொண்டே இருந்து, செல்லுக்கு 1.75 வோல்ட், அதாவது 48 வோல்ட் செட்டுக்கு 42 வோல்ட் வரும்வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பது. கோல்ஃப் கார்ட் பேட்டரிகளுக்கு 75, 56, 25 ஆம்பியர் ஆகிய அளவுகளில் நிமிடக் கணக்கைத் தயாரிப்பாளர்கள் தருகிறார்கள். ட்ரோஜன் டி-105 என்ற 6 வோல்ட் பேட்டரிக்கு 75 ஆம்பியரில் 115 நிமிடம். நம்முடையது 70 நிமிடத்தில் படுத்தால் மீதமிருப்பது ஏறக்குறைய 60 சதவீதம். ஊகம் இல்லை, பேச்சு இல்லை.

இதே பேட்டரியின் லேபிளில் 225 ஆம்பியர்-மணி என்று இருப்பதைப் பார்த்து, "75 ஆம்பியரில் மூன்று மணி நேரம் வர வேண்டுமே" என்று சண்டைக்குப் போகாதீர்கள். 225 என்பது 20 மணி நேரம் மெதுவாக இழுத்தால். 75 ஆம்பியரில் 115 நிமிடம் என்பது சுமார் 144 ஆம்பியர்-மணிதான். வேகமாக இழுக்க இழுக்கக் கிடைப்பது குறையும்.

மெஷின் இல்லாதவர்கள் பல்பு லோடு கட்டலாம். கார் ஹெட்லைட்டின் 12 வோல்ட், 60 வாட் ஹாலஜன் பல்பு நான்கை வரிசையாகக் கோத்தால் 48 வோல்ட்டுக்குச் சுமார் 5 ஆம்பியர். அப்படி ஐந்து வரிசை, மொத்தம் 20 பல்பு, 25 ஆம்பியர். 1,200 வாட் வெப்பம் என்பதை மறக்காமல், இரும்புச் சட்டத்தில், காற்றோட்டமான இடத்தில், டி.சி. ஃபியூஸோடு. "வீட்டில் 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் இருக்கிறதே, அதை மாட்டினால் என்ன?" என்று கேட்டவர் உண்டு. 230 வோல்ட்டுக்கான அந்தச் சுருள் 48 வோல்ட்டில் 1.8 ஆம்பியர்தான் இழுக்கும். தீபாவளிக்குத் தொடங்கினால் பொங்கலுக்கு முடியாது என்று அவரிடம் சொன்னேன், கொஞ்சம் மிகைதான். வோல்டேஜ் இறங்க இறங்கப் பல்பின் ஆம்பியரும் குறையும் என்பதால், கால் மணிக்கு ஒருமுறை ஆம்பியரைக் குறித்துக் கூட்ட வேண்டும்.

மொத்த வோல்டேஜை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது இதில் நடக்கும் பெரிய தவறு. செட் 42ஐத் தொடும்போது ஐந்து பேட்டரி நலமாக இருந்து, ஒன்று மட்டும் 5 வோல்ட்டுக்கும் கீழே போயிருக்கலாம். அதற்குள் பலவீனமான செல் தலைகீழாகச் சார்ஜ் ஆகத் தொடங்கியிருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் அளந்து, எந்த 8 வோல்ட் பேட்டரி முதலில் 7.0ஐத் தொடுகிறதோ அங்கே நிறுத்திவிடுவது நல்லது. யார் முதலில் விழுந்தார், மற்றவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள் என்ற இரண்டும் சேர்ந்தால் ஆறையும் மாற்றுவதா ஒன்றையா என்ற கேள்வி தானாகவே முடிந்துவிடும்.

செலவு பணத்தைவிட நேரத்தில்தான். 25 ஆம்பியரில் நல்ல செட் நாலைந்து மணி நேரம் ஓடும். அதன்பின் உடனே முழு சார்ஜ். வண்டிக்கு ஒன்றரை நாள் விடுப்பு. ஒவ்வொரு சோதனையும் பேட்டரியின் ஆயுளில் ஆழமான ஒரு சுற்றை (ஒரு முழு இறக்கமும் ஒரு முழு சார்ஜும்) தின்கிறது. மாதாமாதம் செய்வது சர்க்கரை நோயைப் பார்க்கத் தினமும் இனிப்பு சாப்பிடுவது போல. புத்தம் புதிய பேட்டரியையும் இப்படி அளந்து கொள்ளளவு குறைகிறது என்று புகார் செய்ய வேண்டாம். முதல் சில பத்துச் சுற்றுகளுக்குப் பிறகுதான் அது முழு பலத்துக்கு வரும்.

## ஒரே பார்வையில்

| சோதனை | சொல்வது | வண்டி நிற்கும் நேரம் (ஓய்வு தவிர) | கருவிச் செலவு | ஏமாற்றும் இடம் |
|---|---|---|---|---|
| மல்டிமீட்டர் | சார்ஜ் அளவு, ஷார்ட் ஆன செல் | 10 நிமிடம் | சில நூறு | தேய்ந்த பேட்டரி நன்றாகத் தெரியும் |
| ஹைட்ரோமீட்டர் | தனிச் செல்லின் நிலை | முக்கால் மணி | சில நூறு | வெப்பம், லேபிள் அளவு, புதிதாக ஊற்றிய தண்ணீர் |
| கையடக்க லோடு டெஸ்டர் | பேட்டரிகளுக்குள் ஒப்பீடு | ஒரு மணி | சில ஆயிரம் | பச்சைப் பட்டை |
| கண்டக்டன்ஸ் | காலப்போக்கில் மாற்றம் | 15 நிமிடம் | சில ஆயிரமும் மேலும் | முதல் அளவு இல்லாதபோது |
| ஓட்டிப் பார்ப்பது | உண்மையான லோடில் எது விழுகிறது | அரை நாள், ஓடிக்கொண்டே | சில ஆயிரம் | சமதரை |
| முழு டிஸ்சார்ஜ் | மீதக் கொள்ளளவு | ஒன்றரை நாள் | பல்பு என்றால் சில ஆயிரம், மெஷின் என்றால் பல மடங்கு | மொத்த வோல்டேஜை மட்டும் பார்த்தால் |

## யாருக்கு எது

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே வண்டி வைத்திருப்பவர்கள்: ஹைட்ரோமீட்டரும் மல்டிமீட்டரும் போதும், மாதம் ஒருமுறை, ஒரே நோட்டில். சந்தேகம் வந்தால் ஓட்டிப் பாருங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள்: விற்பவர் காலையில் சார்ஜ் போட்டே வைத்திருப்பார். அவர் காட்டும் மீட்டரைப் பாராட்டிவிட்டு, நான்கு பேரை ஏற்றி, அரை மணி நேரம் ஓட்டி, பிறகு இருக்கையைத் தூக்கி அளந்து பாருங்கள். ஓட்ட விடமாட்டேன் என்றால் பேட்டரிக்கு மதிப்பே இல்லை என்று வைத்து விலை பேசுங்கள்.

வாரண்டி: 24 செல்லின் கிராவிட்டி தேதியோடு, மேலும் டிஸ்சார்ஜ் நிமிடங்கள். கடையில் அவர்கள் மெஷினிலேயே மறுபடி சோதிப்பார்கள் என்றாலும், எழுதிய தாளோடு போகிறவரிடம் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் ஓடும் வண்டிகள்: குளிரில் கொள்ளளவு குறையும், ஏற்றமும் அதிகம். ஜனவரி அதிகாலையில் அளந்ததை ஏப்ரல் மதியத்தோடு ஒப்பிட வேண்டாம்.

சீல் செய்த பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டர் பட்டியலிலிருந்து போய்விடுகிறது. ஓட்டிப் பார்ப்பதும் டிஸ்சார்ஜும்தான் மிச்சம். லித்தியம் என்றால் வோல்டேஜ் கடைசி வரை ஒரே மட்டத்தில் நிற்பதால் மீட்டர் அநேகமாகப் பேசாது, உள்ளே பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகையான பி.எம்.எஸ். காட்டும் செல் அளவுகளையும் முழு டிஸ்சார்ஜையும் பாருங்கள்.

## நூலகத்து ஏற்றத்துக்குத் திரும்பினால்

அந்த வாசகருக்கு நான் சொல்வது: சனிக்கிழமை மாலை முழு சார்ஜ், ஞாயிறு முழுக்க ஓய்வு. திங்கள் காலை வகுப்பு தொடங்கும் முன் வோல்டேஜும் கிராவிட்டியும். பிறகு ஆறு பேரோடு நூலகத்து ஏற்றம், பதினோரு மணிக்கு மறுபடி அதே ஏற்றம். ஒன்றோ இரண்டோ தனியாக விழுந்தால் மெக்கானிக் சொன்னது சரி. ஆறும் சேர்ந்து விழுந்தால் அந்த வார இறுதியில் டிஸ்சார்ஜ் போட்டு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். வளாகத்துக்குத் தேவையான ட்ரிப்புக்கு அது போதுமென்றால் விற்பனையாளரை இன்னும் ஆறு மாதம் காக்க வைக்கலாம்.

மெக்கானிக் வென்றாலும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. செட்டுக்கு ஒரு வயதுக்குள் என்றால் கெட்டதை மட்டும் புதிதாக மாற்றுவேன். மூன்று வயதைத் தாண்டிய செட்டில் இரண்டு புதிய பேட்டரியைச் செருகினால், பழையவை புதியவற்றையும் சீக்கிரம் தங்கள் வயதுக்கு இழுத்துவிடும். அவரிடம் நான்கு வண்டி இருப்பது இங்கேதான் உதவுகிறது. ஏறக்குறைய ஒரே வயதுள்ள, ஒரே மாடல் பேட்டரிகளை இரண்டு வண்டியிலிருந்தும் சேர்த்து, நன்றாக நின்ற ஆறை ஒரு வண்டியில் போட்டு அதை ஏற்றப் பாதைக்கு விடுங்கள். மற்றொரு வண்டிக்குத்தான் புதிய செட் வாங்க வேண்டும். பழைய பேட்டரிகளைக் கடைக்காரர் எடுத்துப்போவதற்கு முன், லோடு போட்ட எண்களை ஒவ்வொன்றின் மேலும் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள்.